நத்தை செத்தா மீன் மேல பழி போடாதீங்க

(ஷாட்: தொட்டிக் கண்ணாடில ஏறுற மஞ்ச நத்தை, வாய் மட்டும் க்ளோஸப்ல)

பாருங்க, அந்த வாய் தொறந்து தொறந்து மூடுது தெரியுதா, உள்ள இருந்து என்னமோ ஒண்ணு வந்து நக்கிட்டுப் போகுதுல்ல, அதுதான் நாக்கு, அரம் மாதிரி பொடிப்பொடியா பல்லு வரிசை கட்டி இருக்கும், அத வச்சுத்தான் கண்ணாடில இருக்க பாசிய சொரண்டித் திங்குது.

வணக்கம் மக்களே, காரைக்குடில இருந்து பேசுறேன். மிஸ்டரி நத்தைன்னு மீன் தொட்டில வளக்குற இந்த நத்தைய வாங்குறவங்க எல்லாரும் மொதல்ல கேக்குறது எந்த மீனோட விடலாம்னு. சொல்றேன், ஆனா அதுக்கு முன்னாடி நான் ஒரே ராத்திரில ஏழு நத்தைய காலி பண்ண கதைய சொல்லிடுறேன், அதுல மீனுக்கு சம்பந்தமே இல்ல.

எங்க வீடு பழைய வளவு வீடு. மழை பெஞ்சா நாலு பக்க ஓட்டுத் தண்ணியும் மித்தத்துல வந்து கொட்டும், அப்பத்தா செம்பு அண்டாவ வச்சுப் பிடிச்சிருவாங்க. அந்தத் தண்ணி ரெண்டு நாள் அண்டாலயே கெடந்துச்சு, நான் சும்மா இல்லாம சுத்தமான மழைத் தண்ணியாச்சேன்னு தொட்டில பாதித் தண்ணிய எடுத்துட்டு இத ஊத்திட்டேன். காலைல பாத்தா ஏழு நத்தையும் கீழ விழுந்து கெடக்கு, சதை வெளிய தொங்குது, தொட்டா ஓட்டு வாசல அடைக்கிற மூடி மூடல, கூட இருந்த செர்ரி இறாலு மொத்தமும் போச்சு, ஆனா கப்பி மீனு மட்டும் ஒண்ணுமே நடக்காத மாதிரி சாப்பாடு கேட்டு மேல வருது.

"அந்தத் தண்ணியத்தானப்பா நாமளும் குடிக்கிறோம், ஒனக்கும் எனக்கும் ஒண்ணும் ஆகலயே?"ன்னாங்க அப்பத்தா. நாம நத்தை இல்லயே அப்பத்தா!

(ஷாட்: அண்டா உள்பக்கம், பச்சை பிடிச்ச விளிம்பு)

விசயம் என்னன்னா மழைத் தண்ணில சுண்ணாம்புச் சத்து கிட்டத்தட்ட கிடையாது, லேசா அமிலத் தன்மை வேற, அதுனால செம்பு கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு தண்ணில எறங்கிரும். நம்ம ஒடம்பு அத தாங்கிரும், நத்தையும் இறாலும் தாங்காது. இதுல வேடிக்கை என்னன்னா மிஸ்டரி நத்தை ரத்தத்துல ஆக்ஸிஜன தூக்கிட்டுப் போறதே செம்பு உள்ள ஒரு பொருள்தான், அதான் அந்த ரத்தம் லேசா நீலமா இருக்கும், ஆனா வெளிய இருந்து கூடுதலா வந்தா அதே செம்பு ஆளக் காலி பண்ணிரும். மீனுக்கு வெள்ளைப் புள்ளி வந்துச்சுன்னு கடைல ஒரு மருந்து குடுப்பாங்கல்ல, அந்த பாட்டில திருப்பிப் பாருங்க, காப்பர் சல்பேட்னு இருந்தா நத்தை இருக்க தொட்டில ஒரு சொட்டு கூட விடாதீங்க. அந்த மீன தனி பக்கெட்டுக்கு மாத்தி வைத்தியம் பாருங்க.

அடுத்து ஓடு. நம்ம ஊர் செவுரு பளபளன்னு இருக்குல்ல, கிளிஞ்சல் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் போட்டு எழைச்சு எழைச்சுப் பூசுனது, அந்தப் பூச்சு காஞ்சு எறுகுனா என்னவா ஆகுதோ அதேதான் நத்தை ஓடும், கால்சியம் கார்பனேட். அமிலத் தண்ணில அது கரையும். சுழி ஆரம்பிக்கிற நடு எடம் இருக்கு பாருங்க, பழைய பகுதி, அங்கதான் மொதல்ல வெள்ளையா அரிச்சுக் குழி விழும். தண்ணியோட அமிலத் தன்மைய காட்டுற பிஹெச் 7க்கு மேல, 7.5 வாக்குல இருந்தா நல்லது. டிடிஎஸ் மீட்டர மட்டும் நம்பாதீங்க, அது மொத்த உப்பத்தான் காட்டும், சுண்ணாம்பு எவ்வளவுன்னு சொல்லாது, அதுக்குத் தனியா தண்ணியோட கடினத்த அளக்குற ஜிஹெச் கிட்னு சொட்டு மருந்து மாதிரி ஒண்ணு இருக்கு, 8க்கு மேல வந்தா நிம்மதி. ஆர்ஓ தண்ணி மட்டும் ஊத்துறவங்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. நாட்டு மருந்துக் கடைல கடல் நுரைன்னு கேளுங்க, கணவா ஓடுதான் அது, ஒரு துண்ட உள்ள போட்டா மெல்ல மெல்லக் கரையும். அதுக்காக வெத்தலைக்குப் போடுற சுண்ணாம்ப அள்ளிப் போட்டுறாதீங்க, பிஹெச் எகிறி மீனும் சேந்து போயிரும்.

இப்ப மீனுக்கு வருவோம். கப்பி, மோலி நல்ல ஜோடி, அதுங்களுக்கும் சுண்ணாம்புச் சத்து உள்ள கடினத் தண்ணி புடிக்கும். அடில மேயுற கோரிடோரஸ் மீனு தொந்தரவே பண்ணாது. நியான் டெட்ராவ கடைல கூடவே தள்ளி விடுவாங்க, சண்டை வராதுதான், ஆனா அதுக்கு மென்மையான தண்ணி வேணும், நத்தைக்கு நேர் எதிர், நான் சேக்க மாட்டேன். செர்ரி இறாலு மாதிரி ஒரு கூட்டாளி கிடையாது, ஒரே தட்டுல சாப்பிடுங்க ரெண்டும். ஃபைட்டர் அந்தந்த மீனோட கொணத்தப் பொறுத்தது, நத்தையோட நீள மீசைய புழுன்னு நெனச்சு கடிக்கும், கடிபட்ட மீசை திரும்ப வளரும்னாலும் அது வெளிய வரவே பயந்து பட்டினி கெடக்கும். பஃபர், க்ளவுன் லோச், அசாசின் நத்தை மூணுக்கும் நத்தைதான் சாப்பாடு, பேச்சே வேணாம்.

நத்தை விட்டா தொட்டி தானா சுத்தமாயிரும்னு ஒரு நெனப்பு இருக்கு பாருங்க, பாசி திங்கும் சரி, ஆனா மீன் கழிவத் திங்காது, அதுவும் சேந்து கழிக்கும், நல்லாவே கழிக்கும். அதுக்குன்னு தனியா லேசா வேக வச்ச பீன்ஸ், வெள்ளரிக்கா துண்டு குடுங்க, மிச்சத்த மறுநாள் எடுத்துருங்க. எடுக்கலன்னா செடியோட ஒட்டிக்கிட்டு வந்த ராம்ஸ்ஹார்ன்ங்கிற சின்ன நத்தையோட குட்டி போன வாரம் நாலு இருந்தது இந்த வாரம் எண்ண முடியாது.

மேல மிதந்தா செத்துருச்சுன்னு தூக்கிப் போடாதீங்க, உள்ள காத்து இருந்தாலும் மிதக்கும். எடுத்து மோந்து பாருங்க. செத்த நத்தை நாத்தம் ஒருதடவ மோந்தா ஆயுசுக்கும் மறக்காது.

(ஷாட்: தொட்டி மூடி அடியில ரோஸ் நிற முட்டைக் கொத்து)

தண்ணிக்கும் மூடிக்கும் நடுவுல ரெண்டு இன்ச் விடுங்க. மிஸ்டரி நத்தைக்குச் செவுளும் உண்டு, நுரையீரலும் உண்டு, தும்பிக்கை மாதிரி ஒரு குழாய நீட்டி மேல வந்து மூச்சு வாங்கும், ராத்திரில ஏறி முட்டையும் வைக்கும். வேணாம்னா அந்தக் கொத்த சொரண்டி ஃப்ரீஸர்ல ஒருநாள் வச்சுட்டுத் தூக்கிப் போடுங்க, தயவு செஞ்சு ஊரணில விடாதீங்க. இதோட சொந்தக்காரன் கோல்டன் ஆப்பிள் நத்தைய 1980 வாக்குல சாப்பாட்டுக்குன்னு தைவானுக்குக் கொண்டாந்து, அது தப்பிச்சு கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவுல நெல்லு வயல மேஞ்சுது, 2012ல ஐரோப்பிய ஒன்றியத்துல பொமேசியாங்கிற இந்த இனத்தயே உள்ள விடக்கூடாதுன்னு தடை போட்டாங்க. நம்ம கண்மாய் நத்தை வேற சாதி, கரை மண்ணுல வெள்ளையா முட்டை வைக்கும், கோடைல மூடிய சாத்திக்கிட்டு சேத்துக்குள்ள தூங்கும்.

அண்டா இப்பவும் மித்தத்துலதான் இருக்கு, தொட்டிக்கு மட்டும் நீல பிளாஸ்டிக் ட்ரம்முல குழாய்த் தண்ணி ஒருநாள் நிக்கிது. அது மேல சாக்பீஸால "நத்தைக்கு"ன்னு எழுதியிருக்கு பாருங்க, நான் எழுதல, அப்பத்தா கையெழுத்து.