பேஸ் ஏறுனது 45னால இல்ல: மெட்டல் பாக்ஸ் டப்பாவும் 62 ராண்ட் 70 சென்டும்

வணக்கம் மக்களே! டப்பா வந்தாச்சு. போன வீடியோவுல அலமாரியில ஒரு காலி இடத்தைக் காட்டி இங்க என்ன வரப்போகுதுன்னு கேட்டிருந்தேன், பாதிப் பேர் சரியாச் சொல்லிட்டீங்க. பப்ளிக் இமேஜ் லிமிடெட்ங்கிற பிரிட்டிஷ் ராக் பேண்டோட ஆல்பம் 'மெட்டல் பாக்ஸ்'. 1979 நவம்பர்ல வந்தது. இந்தாங்க, வட்டமான தகர டப்பா, உள்ள மூணு 12 அங்குல இசைத்தட்டு, மூணுமே 45 வேகம், அதாவது நிமிஷத்துக்கு 45 சுத்து. மூடி ஓரத்துல துரு தெரியுதா? அதுக்கு அப்புறம் வர்றேன்.

முதல்ல காசு. தட்டோட விலை 1,150 ராண்ட், தபாலுக்கு 380. நம்ம தென்னாப்பிரிக்கச் சுங்கத்துல வாட் கணக்கு எப்படின்னா, பொருளோட விலைக்கு மேல 10 சதவீதம் கூட்டணும், சுங்க வரி இருந்தா அதையும் சேர்க்கணும், வர்ற தொகைக்கு 15 சதவீதம். இந்த பில்லுல சுங்க வரி பூஜ்யம். 1,150 பத்து சதவீதத்தோட 1,265. அதுல 15 சதவீதம் 189 ராண்ட் 75 சென்ட். கூரியர்காரங்க போட்ட பில் 252 ராண்ட் 45 சென்ட்! தபால் செலவையும் பொருள் விலையோட சேர்த்துட்டாங்க. இங்க சுங்க மதிப்புல வெளிநாட்டுலேர்ந்து வர்ற கப்பல், விமானக் கூலி சேராது. கடை பில்லுல தட்டு விலையும் தபாலும் தனித்தனி வரியில இருக்கிற மாதிரி வாங்கிக்கோங்க, அந்த ஒரு காகிதத்தை அனுப்பினா போதும். 62 ராண்ட் 70 சென்ட் திரும்பி வந்துருச்சு. அவ்வளவு சந்தோஷம்!

சரி, இப்ப சண்டைக்கு வருவோம். கமென்ட்ல ரெண்டு கோஷ்டி. "1980 பிப்ரவரியில வந்த 'செகண்ட் எடிஷன்'லயும் இதே பாட்டுங்கதான், ரெண்டே தட்டு, 33 வேகம், பாதி விலை, அது போதும்"னு ஒரு கோஷ்டி. "45ல சுத்தினாத்தான் ஜா வாபிள் வாசிக்கிற பேஸ் கிட்டாரோட கீழ்ச்சுரம் நெஞ்சுல இடிக்கும்"னு இன்னொண்ணு. ரெண்டாவது கோஷ்டி சரியான தட்டைத்தான் தேர்ந்தெடுக்குது, ஆனா சொல்ற காரணம் தப்பு. பல வருஷமா இதையே ஆளாளுக்குத் திருப்பிச் சொல்றாங்க, கேட்டாலே எரிச்சலா வருது.

கணக்குப் போடுவோம். மொத்தம் சுமார் 60 நிமிஷப் பாட்டு. டப்பாவுல ஆறு பக்கம், அப்ப பக்கத்துக்குப் பத்து நிமிஷம். 45 வேகத்துல பத்து நிமிஷம்னா 450 சுத்து. செகண்ட் எடிஷன்ல நாலு பக்கம், பக்கத்துக்கு 15 நிமிஷம். 33னு நாம சும்மா சொல்றோம், சரியான வேகம் 33⅓. அதால பெருக்குனா 500 சுத்து. தட்டுல பள்ளம் வெட்டுற இடம் சுமார் 86 மில்லிமீட்டர் அகலம். அப்ப டப்பாவுல ஒரு சுத்துக்கு 0.19 மில்லிமீட்டர், மத்ததுல 0.17. வித்தியாசம் பத்துல ஒரு பங்கு, அவ்வளவுதான். பேஸுக்கு வேண்டியது இந்த அகலம். கீழ்ச்சுரம் வரும்போது பள்ளம் பாம்பு மாதிரி அகலமா வளையும், பக்கத்துப் பள்ளத்துல இடிக்காம இருக்க இடம் வேணும். அந்த இடம் இங்க கொஞ்சம்தான் கூடியிருக்கு.

அப்ப 45 எதுக்கு? கிட்டாருக்கு! கீத் லெவீனோட கிட்டார் கண்ணாடிச் சில்லு மாதிரி, முழுக்க மேல்ச்சுரம். அதுக்கு வேண்டியது ஊசிக்கு அடியில பள்ளம் ஓடுற வேகம். 33⅓ல தட்டோட வெளி ஓரத்துல நொடிக்கு 51 சென்டிமீட்டர் ஓடுது, லேபிள் பக்கம் வரும்போது வெறும் 21. அதே சத்தத்தை பாதிக்கும் குறைவான நீளத்துல நெருக்கி எழுதணும். அதனாலதான் எந்த எல்பியிலயும் (33 வேக நீளத் தட்டு) கடைசிப் பாட்டுல 'ஸ' எல்லாம் பிசிறடிக்குது. 45ல வெளியில 69, உள்ள 28. பக்கத்தோட கடைசியிலயும் கிட்டார் கிட்டாராவே இருக்கும். ஜான் லைடன் குரலும் அப்படித்தான்.

ஆகவே டப்பாவை வாங்குங்க, கிட்டாருக்காக வாங்குங்க. பேஸ் மட்டும் போதும்னா செகண்ட் எடிஷனே தாராளம். 180 கிராம் தட்டுன்னு ஸ்டிக்கர் ஒட்டி 300 ராண்ட் கூட வாங்குறாங்களே, அதுல எனக்குத் துளிகூட நம்பிக்கை கிடையாது. தட்டு கனமா இருந்தா பள்ளம் நல்லா வந்திருக்கும்னு அர்த்தமே இல்ல.

பெல்ட் வச்ச மெஷின் சிலதுல 45க்கு மாத்த மேல்தட்டைத் தூக்கி, பெல்ட்டைக் கையால பெரிய கப்பிக்கு மாத்தணும். மறந்து 33லயே போட்டா சுருதி அஞ்சு அரைச்சுரம் இறங்கும், அதாவது மத்யமம் வரவேண்டிய இடத்துல ஷட்ஜம் வரும். இந்தத் தட்டுல இது உடனே பிடிபடாது, பாட்டே மெதுவான டப் நடை, ஜமைக்கா ரெக்கே வழி வந்தது. குரல் வர்ற வரைக்கும் சரியாத்தான் ஓடுதுன்னு நினைச்சுக்கிட்டு உக்காந்திருப்பீங்க.

இதை முன்னாடியே சொல்லியிருக்கணும், ஊசி கனம். இங்க இருக்கிற ஊசி ஆடியோ-டெக்னிகா விஎம்95இ, தட்டு மேல அது அழுத்த வேண்டியது 2 கிராம், 1.8லேர்ந்து 2.2 வரைக்கும் போகலாம். முதல்ல ஆன்டி-ஸ்கேட்டை (ஊசி உள்பக்கம் இழுபடாம பிடிக்கிற திருகு) பூஜ்யத்துல வச்சு, ஊசி மாட்டின கை அந்தரத்துல மிதக்கிற வரைக்கும் பின்னாடி இருக்கிற எடையைத் திருப்பி, டயலைப் பூஜ்யமாக்கி, அப்புறம் 2க்குக் கொண்டுவாங்க. டயலை நம்பி விட்டுடாதீங்க, சின்ன டிஜிட்டல் தராசுல ஒரு தடவை நிறுத்துப் பாருங்க. லேசா வச்சா தட்டு தேயாதுன்னு நினைக்கிறது பெரிய தப்பு. லேசான ஊசி பள்ளத்துல துள்ளும், துள்ளுற ஊசிதான் சுவரைக் கொத்தும்.

கழுவுறதுக்கு ஒரு லிட்டர் காய்ச்சி வடிச்ச தண்ணி, 100 மில்லி ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், வாசனையில்லாத பாத்திரம் கழுவுற திரவம் ரெண்டு சொட்டு. பள்ளம் போற வாக்குல மென்மையான பிரஷ், அப்புறம் வெறும் வடிச்ச தண்ணியில அலசல். அலசாம விட்டா சோப்பு காஞ்சு சடசடன்னு கேக்கும். ஒரு எச்சரிக்கை, டர்பன்ல நம்ம இந்தியர்கள் வாழுற சாட்ஸ்வொர்த் வீடுங்கள்ல ஆயா, தாத்தா காலத்து 78 வேகத் தமிழ்த் தட்டுங்க பெட்டிக்குள்ள கிடக்கும். அது அரக்கு. ஆல்கஹால் பட்டா கரைஞ்சுபோகும்! அதுக்கு வடிச்ச தண்ணி மட்டும்.

நேஷனல் வேக் பத்திக் கேட்டவங்களுக்கு ஒரு வரி. ஜொஹானஸ்பர்க், 1981, ஒரே ஆல்பம், கறுப்பரும் வெள்ளையரும் ஒரே பேண்ட்ல. நம்மளைச் சாட்ஸ்வொர்த்துக்குத் தள்ளின அதே குழுப்பகுதிச் சட்டம், இனவாரியா ஆளுங்களைத் தனித்தனி இடத்துல குடிவச்ச சட்டம், நடப்புல இருந்த காலம். 2013ல அவங்க பாட்டுங்களோட தொகுப்பு வந்திருக்கு, கண்ணை மூடிட்டு வாங்கலாம்.

அப்புறம் "டர்பன் க்கொம் எல்லாம் தட்டா வரணும்"னு கேக்கிறவங்க. க்கொம் (gqom)னா டர்பன்ல பொறந்த எலக்ட்ரானிக் டான்ஸ் இசை. முதல்ல பேரைச் சரியாச் சொல்லுங்க. நாக்கை மேலண்ணத்துல ஒட்டி வெடுக்குன்னு விடுங்க, ஜூலுவுல 'கியூ' எழுத்து அந்தச் சத்தம்தான். க்ளெர்மான்ட்ல வளர்ந்த டிஜே லாக் மாதிரி ஆளுங்க கம்ப்யூட்டர்ல எஃப்எல் ஸ்டூடியோங்கிற மென்பொருள்ல செஞ்ச இசை இது, வாட்ஸ்அப்ல பரவி மினிபஸ் டாக்ஸி ஸ்பீக்கர்ல வளர்ந்தது. கீழ்ப் பேஸ் இடது வலதுல வேற வேறயா இருந்தா பள்ளம் மேலும் கீழும் ஆழம் மாறும், ஊசி எகிறும். அதனால தட்டு வெட்டுறவங்க அடிப் பேஸை மோனோவாக்கி, அதாவது ரெண்டு பக்கமும் ஒண்ணா ஆக்கி, சத்தத்தையும் கொஞ்சம் அடக்குவாங்க. க்கொம்மை அடக்கினா அதுல என்ன இருக்கு? நல்ல வேவ் ஃபைலா வாங்குங்க, பெரிய சப்வூஃபர்ல போடுங்க.

துருவை மறந்துட்டேன் பாருங்க. டர்பன் கடல்காத்துக்கு இந்தத் தகரம் தாங்காது. தட்டுங்களை டப்பாவுக்குள்ள வைக்கவே வைக்காதீங்க, மூணையும் பாலித்தீன் உறையில தனியா நிக்க வைங்க. வெளிய எடுக்க நகத்தை விட்டு நோண்டாதீங்க, ஓரம் கீறும். இப்படி, டப்பா வாய்மேல துணியை விரிச்சு, உள்ளங்கையால தாங்கி, மெதுவாக் கவுக்கணும்... வந்துருச்சு. காலி டப்பாவுல ரெண்டு சிலிகா ஜெல் பொட்டலம், மாசத்துக்கு ஒருக்கா மாத்துங்க. சரி, ரெண்டாவது தட்டைப் போடுறேன், ஹெட்ஃபோனை மாட்டுங்க.