கை கொடுக்கக் கூடாத பந்தயம்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒருவரே அடுத்தடுத்து முடிக்க வேண்டிய போட்டிக்கு டிரையத்லான் என்று பெயர். அதன் நெடுந்தூர வடிவமான அயர்ன்மேனில் 3.8 கிலோமீட்டர் நீந்திக் கரையேறி, 180 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, அதற்குப் பிறகு 42.2 கிலோமீட்டர் முழு மாரத்தானும் ஓட வேண்டும். 1978-இல் ஹவாயின் ஒவாஹு தீவில் முதன்முதலாக இதை நடத்தியபோது புறப்பட்டவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர்.

பிரிட்டனில் நான் வசிக்கும் ஊரின் டிரையத்லான் கிளப்பிலிருந்து ஆறு பேர், வேல்ஸின் தென்மேற்குக் கடலோரத்திலுள்ள டென்பி நகரில் செப்டம்பர் மாதம் நடக்கும் அயர்ன்மேன் வேல்ஸ் போட்டிக்குப் போனார்கள். துணைக்குப் போன நால்வரில் நானும் ஒருவன். துணை என்று சொல்லிக்கொண்டாலும், போட்டி தொடங்கிவிட்டால் வெளியாள் எவரும் தண்ணீர்ப் பாட்டில் நீட்டவோ, பஞ்சரான டியூபை மாற்றித் தரவோ, பக்கத்திலேயே ஓடிவந்து வேகம் பிடித்துக் கொடுக்கவோ கூடாது என்பது விதி. அப்படியானால் நாம் எதற்குப் போகிறோம் என்று கிளம்பும்போதே எனக்கு ஐயம் இருந்தது.

2011-இல் தொடங்கிய இந்தப் பந்தயத்தைக் கடினமானது என்று சொல்வதற்குக் காரணம் பாதையிலேயே இருக்கிறது. டென்பி இருக்கும் பெம்ப்ரோக்ஷயர் பகுதியில் பெரிய மலை எதுவும் கிடையாது. ஆனாலும் சிறு சிறு மேடுகளாக ஏறி இறங்கி, சைக்கிள் பாதையில் மட்டும் மொத்த ஏற்றம் ஏறத்தாழ 2,400 மீட்டர் ஆகிவிடுகிறது. கடல்மட்டத்திலிருந்து ஊட்டிக்கு மிதித்துச் சேர்வதைவிடச் சற்றுக் கூடுதல். ஊட்டிக்குப் போகிறவருக்கு மலை கண்ணெதிரே நிற்கும், ஒரு தாளகதியில் ஏறிக்கொண்டே போகலாம். இங்கே தாளம் பிடிபடுவதற்குள் இறக்கம் வந்துவிடும், மூச்சு அடங்குவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும்.

எங்கள் வேலையின் பெரும்பகுதி சனிக்கிழமையே முடிந்துவிட்டது என்பதை நான் பிறகுதான் உணர்ந்தேன். முன்பு இங்கே போட்டியிட்ட ஒரு மூத்த உறுப்பினர் அன்று மாலை எங்களை நார்த் பீச்சுக்கு அழைத்துச் சென்று, மணலிலிருந்து மேலே சாலைக்கு வளைந்து வளைந்து ஏறும் சரிவுப் பாதையைக் காட்டினார். நீந்தி முடித்தவர்கள் அதில் ஏறி, ஊருக்குள் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஓடினால்தான் சைக்கிள் நிறுத்தியிருக்கும் இடத்தை அடைய முடியும். அதற்கென்றே ஒரு பழைய ஜோடி ஷூவைப் பையில் போட்டு, வழியிலுள்ள எண்ணிட்ட கொக்கியில் மாட்டி வைப்பது இங்கத்திய வழக்கம். “கையும் காலும் விறைத்துப் போயிருக்கும், முடிச்சுப் போட வராது. கயிறில்லாத ஷூவாக வையுங்கள்” என்றார் அவர்.

ஞாயிறு காலை, விடியும் நேரத்தில், கருப்பு வெட்சூட் அணிந்த ஆயிரக்கணக்கானோர் மணலில் நின்றிருக்க, வேல்ஸின் தேசிய கீதத்தைக் கூட்டம் முழுவதும் சேர்ந்து பாடியது. மொழி புரியாத எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. நீச்சல் நன்றாகவே நடந்தது. அதைக் கரையிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாத் தலைகளும் ஒன்றுதான்.

பிறகு நாங்கள் சாண்டர்ஸ்ஃபுட் கிராமத்து ஏற்றத்திற்கு நடந்தோம். ‘நெஞ்சை நொறுக்கும் மேடு’ என்ற பொருளில் அதற்கு ஒரு செல்லப்பெயர் உண்டு. பாதையின் பிற்பகுதியை இரண்டு முறை சுற்ற வேண்டியிருப்பதால், களைத்த கால்களோடு அந்த மேட்டை இரண்டு முறை ஏறியாக வேண்டும். இருபுறமும் ஜனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு மணியடித்தும் பாத்திரங்களைத் தட்டியும் கத்தினார்கள். தேர் நிலைக்கு வரும் வீதி மாதிரி இருந்தது. எங்களில் ஐந்து பேர் இரண்டாம் சுற்றையும் முடித்துப் போய்விட்டார்கள். ஆறாமவரான ஒரு பெண்மணியைக் காணவில்லை. கைபேசிச் செயலியில் அவர் இருக்குமிடத்தைக் காட்டும் புள்ளி, பாதையிலுள்ள நார்பெர்த் ஊர் அருகே அசையாமல் நின்றது. பஞ்சர்தான் என்று ஊகித்தோம். அவரே மாற்ற வேண்டும்; வாரக்கணக்கில் கிளப் கொட்டகையில் வைத்து அதைப் பழக்கியவர் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார், நகத்தைக் கடித்துக்கொண்டு. வெகுநேரம் கழித்துப் புள்ளி நகர்ந்தது. கையெல்லாம் சங்கிலிக் கறையோடு அவர் எங்களைக் கடந்தபோது, நாங்கள் கத்திய கத்தலில் மறுநாள் எனக்குக் குரலே எழும்பவில்லை.

மாரத்தான், டென்பியின் பழைய மதிற்சுவர் தெருக்களிலிருந்து நியூ ஹெட்ஜஸ் கிராமம் வரை ஏறித் திரும்பும் நான்கு சுற்றுகள். சுற்றுக்கொரு வண்ணக் கைப்பட்டை கிடைக்கும். பார்க்கிறவர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் மணிக்கட்டைத்தான் பார்க்கிறார்கள். இருட்டிய பிறகும் எங்கள் ஆறாமவரின் கையில் இரண்டுதான் இருந்தன. மொத்தக் கெடு 17 மணி நேரம். அதைக் கணக்கிட்டு, ‘நடந்தாலும் போதும், நிற்காதீர்கள்’ என்பதை மட்டும் ஒவ்வொரு முறையும் சொன்னோம்.

கெடுவுக்குச் சில நிமிடங்கள் இருக்கையில் அவர் எல்லைக்கோட்டைத் தாண்டினார். பதக்கத்தோடு வெளியே வந்து நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தவரால் குனியவே முடியவில்லை. இனி விதி தடுக்காது. நான் மண்டியிட்டு அவருடைய ஷூக் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தேன். நனைந்து இறுகியிருந்த அந்த முடிச்சு எளிதில் அவிழ்வதாக இல்லை.