சந்திரனும் விழுந்துகொண்டுதான் இருக்கிறதா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். கருந்துளை பற்றிய மூன்றாம் பகுதி இந்தக் கிழமை வரும் என்று சொல்லியிருந்தேன். மறக்கவில்லை, அடுத்த கிழமை கட்டாயம் வரும். இடையில் ஒரு கேள்வி வந்து என்னை மடக்கிப்போட்டது. தெஹிவளையில் இருந்து தரம் 9 படிக்கும் ஒரு பிள்ளை அனுப்பியிருக்கிறா. அப்படியே வாசிக்கிறேன்:

"சேர், விண்வெளியில் ஈர்ப்பு இல்லை, அதனால்தான் விண்வெளி வீரர்கள் மிதக்கிறார்கள் என்று ஒரு காணொளியில் சொன்னீர்கள். இன்னொன்றில் பூமியின் ஈர்ப்புத்தான் சந்திரனைப் பிடித்து வைத்திருக்கிறது என்றீர்கள். சந்திரன் அவர்களைவிடத் தூரத்தில்தானே இருக்கிறது? எது சரி?"

பிடித்துவிட்டா பார்த்தீர்களா! நான் போய் அந்தப் பழைய காணொளியைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். உண்மைதான், சொல்லியிருக்கிறேன். கையை வேறு ஆட்டி ஆட்டிச் சொல்லியிருக்கிறேன். அது பிழை. எல்லோரும் சொல்லிச் சொல்லி என் வாயிலும் வந்துவிட்ட பிழை. சந்திரன் பற்றிச் சொன்னதுதான் சரி.

சரி, சர்வதேச விண்வெளி நிலையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? ஏறக்குறைய 400 கிலோமீற்றர். கொழும்பில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு வீதியால் போனால் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம்தான். இரவு பஸ்ஸில் ஏறினால் விடியப் போய் இறங்குகிற தூரம். அந்த வீதியை அப்படியே நிமிர்த்தி வானத்தை நோக்கி வைத்தால் அதன் நுனியில் விண்வெளி நிலையம். பூமியின் மையத்தில் இருந்து நம் காலடி வரைக்குமே 6,371 கிலோமீற்றர் இருக்கிறது. அதோடு இன்னொரு 400 சேர்வதால் பூமியின் பிடி விட்டுப்போகுமா? போகாது. அங்கேயும் ஈர்ப்பு இங்கே இருப்பதில் பத்தில் ஒன்பது பங்கு இருக்கிறது. இங்கே தராசில் 60 கிலோ காட்டுகிற ஒருவர், அவ்வளவு உயரமான ஏணி ஒன்று வைத்து ஏறி, அதன் உச்சிப் படியில் தராசை வைத்து நின்றால் 53 கிலோ காட்டும். ஏணியில் நிற்கும் ஆள் மிதக்கவே மாட்டார். கையை விட்டால் நேரே கீழே வருவார்.

அப்படியானால் வீரர்கள் மட்டும் ஏன் மிதக்கிறார்கள்? என்னுடைய பழைய பல்லவியை இங்கே திரும்பப் பாடப்போகிறேன், பழைய ஆட்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் மிதக்கவில்லை, விழுகிறார்கள். நிலையமும் விழுகிறது, உள்ளே இருப்பவர்களும் விழுகிறார்கள், அவர்களுடைய பேனையும் தண்ணீர்த் துளியும் விழுகின்றன. எல்லாம் ஒரே வேகத்தில். 1971இல் அப்பலோ 15 வீரர் டேவிட் ஸ்கொட் சந்திரனில் நின்று சுத்தியலையும் இறகையும் ஒன்றாக விட்டார், இரண்டும் ஒன்றாகவே விழுந்தன என்று முன்பு காட்டினேன் அல்லவா, அதே விஷயம்தான்.

விழுந்தால் தரையில் வந்து முட்ட வேண்டுமே என்று கேட்பீர்கள். காலிமுகத்திடலுக்கு வாருங்கள். பிள்ளைகள் பந்து எறிவதைப் பாருங்கள். மெதுவாக எறிந்தால் பக்கத்தில் விழும், ஓங்கி எறிந்தால் தூரத்தில் விழும். எவ்வளவு ஓங்கி எறிந்தாலும், மட்டமாக எறிந்த பந்து முதல் ஒரு செக்கனில் ஏறக்குறைய 5 மீற்றர் கீழே இறங்கிவிடும். இதில் மாற்றமில்லை. இப்போது பூமி உருண்டை. கடல் மட்டத்தோடு மட்டமாக ஒரு நேர்கோடு பிடித்தால், எட்டுக் கிலோமீற்றர் போவதற்குள் பூமி அந்தக் கோட்டை விட்டு 5 மீற்றர் கீழே வளைந்திருக்கும். எட்டுக் கிலோமீற்றர் என்றால் காலிமுகத்திடலில் இருந்து தெஹிவளை. கேள்வி கேட்ட பிள்ளையின் வீட்டடி.

ஆகவே ஒரு பந்தை ஒரே செக்கனில் காலிமுகத்திடலில் இருந்து தெஹிவளைக்குப் போகிற வேகத்தில் எறிந்தால் என்ன நடக்கும்? பந்து 5 மீற்றர் விழும், தரையும் 5 மீற்றர் விலகியிருக்கும். அடுத்த செக்கனிலும் அதே கதை. விழுந்துகொண்டே இருக்கும், முட்டவே முட்டாது. (பின்னேரம் ஐந்து மணிக்குக் காலி வீதியில் அதே தூரத்துக்கு பஸ்ஸில் எவ்வளவு நேரம் நிற்கிறோம் என்று நான் சொல்லத் தேவையில்லை.) காற்று தடுக்கும் என்பதால் இங்கே அது நடக்காது. அதனால்தான் உயரப் போய் அந்த வேகத்தைப் பிடிக்கிறார்கள். ரொக்கெட்டில் எரிகிற எரிபொருளில் பெரும்பங்கு உயரம் ஏறுவதற்கு அல்ல, இந்தப் பக்கவாட்டு வேகத்துக்குத்தான் போகிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை. விண்வெளி நிலையம் ஏறக்குறைய 92 நிமிடத்தில் பூமியை ஒருமுறை சுற்றி முடிக்கிறது.

இப்போது சந்திரன். 3,84,400 கிலோமீற்றர் தூரம். பூமியின் மையத்தில் இருந்து நாம் இருப்பதைப்போல் 60 மடங்கு. தூரம் 60 மடங்கானால் ஈர்ப்பு அறுபது தர அறுபது, அதாவது 3,600 பங்கில் ஒரு பங்காகக் குறையும். நியூற்றன் இந்தக் கணக்கைத்தான் போட்டுப் பார்த்தார். மரத்தில் இருந்து விழும் பழம் ஒரு செக்கனில் 5 மீற்றர் என்றால், சந்திரன் ஒரு செக்கனில் பூமியை நோக்கி 1.4 மில்லிமீற்றர் விழ வேண்டும். ஒரு நாணயக் குற்றியின் தடிப்புக்கூட இல்லை. அதே செக்கனில் அது பக்கவாட்டில் ஒரு கிலோமீற்றர் ஓடிவிடுகிறது. வட்டமாக வளைவதற்கு அந்த 1.4 மில்லிமீற்றர் போதும். பழத்தையும் சந்திரனையும் ஒரே கணக்கில் போட்டார் பாருங்கள், எனக்கு இதை எத்தனை தரம் சொன்னாலும் அலுக்காது.

பிள்ளை, உங்கள் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றை நான் சொல்லப்போகிறேன், ஏனென்றால் எனக்குப் பிடித்த கேள்வி அதுதான். விழுகிறவருக்கு ஏன் பாரம் தெரிவதில்லை என்று எல்லோரும் கேட்கிறார்கள். நிற்கிற நமக்கு ஏன் பாரம் தெரிகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை!

எங்கள் வெள்ளவத்தை மாடிக்குடியிருப்பில் ஒரு மாமி இருக்கிறா. ஒருநாள் சந்தையால் வந்து, ஒரு பை தேங்காயோடு லிப்டில் என்னோடு ஏறினா. ஐந்தாம் மாடி. லிப்ட் நிற்கப்போகும் நேரம் என்னைப் பார்த்து, "தம்பி, வெளிக்கிடேக்க பை இழுக்குது, நிக்கப்போகேக்க இலேசாகுது. எனக்குத்தான் வயசு போச்சுதோ?" என்றா. இல்லை மாமி, உங்கள் கைதான் நல்ல தராசு. தேங்காயும் மாறவில்லை, பூமியின் ஈர்ப்பும் மாறவில்லை. லிப்டின் தரை மேல்நோக்கித் தள்ளுவதுதான் கூடிக் குறைந்தது. கையில் தெரிந்தது அந்தத் தள்ளு. நாம் பாரம் என்று உணர்வதெல்லாம் தரையோ கதிரையோ நம்மைத் தள்ளுவதைத்தான். அந்தத் தள்ளை எடுத்துவிட்டால் ஈர்ப்பு முழுதாக இருக்கும், பாரம் மட்டும் இருக்காது. 1907இல் ஐன்ஸ்டைன் பேர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் கதிரையில் இருந்தபடி நினைத்ததும் இதுதான்: தடையில்லாமல் விழுகிற மனிதனுக்குத் தன் பாரம் தெரியாது. தன் வாழ்க்கையிலேயே மிக மகிழ்ச்சியான எண்ணம் அது என்று பிறகு சொன்னார். அங்கிருந்து தொடங்கித்தான் பொதுச் சார்பியல் என்ற தன் ஈர்ப்புக் கோட்பாட்டுக்குப் போனார். நம் கருந்துளைத் தொடரும் அதற்குள்தான் வருகிறது, ஆக நான் விஷயத்தை விட்டு அவ்வளவு தூரம் போகவில்லை.

இன்னொருவர் கேட்டிருக்கிறார், அப்படியானால் விண்வெளி நிலையம் ஒருநாள் விழுந்துவிடாதா என்று. அந்த உயரத்திலும் மிகமிக மெல்லிய காற்று இருக்கிறது, அது உரசி உரசி நிலையம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். இடைக்கிடை எஞ்சினை இயக்கி உயர்த்திவிடுகிறார்கள். 1979 யூலையில் ஸ்கைலாப் என்ற பழைய அமெரிக்க விண்வெளி நிலையம் அப்படிக் காற்று உரசி இறங்கி வந்துதான் எரிந்தது. துண்டுகள் இந்து சமுத்திரத்திலும் மேற்கு அவுஸ்திரேலியாவிலும் விழுந்தன. அந்த நாட்களில் பாட்டி ஒருவரையும் முற்றத்தில் படுக்க விடவில்லை என்று அப்பா சொல்லுவார்.

கடைசியாக, வீட்டில் செய்து பார்க்க ஒன்று. ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தலை எடுத்து, அடிப்பக்கத்தில் ஆணியால் ஓர் ஓட்டை போடுங்கள். தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்தபடியே தூக்கிப் பிடியுங்கள், ஓட்டையால் தண்ணீர் பாயும். அப்படியே கையை விடுங்கள். விழுகிற நேரம் முழுக்க ஓட்டையால் தண்ணீர் பாயாது. போத்தலும் தண்ணீரும் ஒன்றாக விழுவதால் ஒன்றை ஒன்று தள்ளுவதில்லை. போனில் மெதுவாக ஓடும்படி படம் எடுத்தால் அழகாகத் தெரியும். உயரம் கூடினால் இன்னும் நல்லது என்று நான் இரண்டாம் மாடிப் படிக்கட்டில் இருந்து போட்டேன். நீங்கள் போடுவதற்கு முன் கீழே யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். எங்கள் செக்கியூரிட்டி ஐயா இன்னும் என்னோடு முகம்கொடுத்துக் கதைப்பதில்லை.