திண்ணையும் ஒரு மாத்திரையும்

(கிளை நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் பேசியது)

கூட்டத்தின் தலைவர், ஓய்வுபெற்ற வட்டாட்சியர் ஐயா அவர்களே, பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, வேலை நாளிலும் நமக்காக நேரம் ஒதுக்கி முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அரசு மருத்துவமனைத் தலைமை மருத்துவர் அவர்களே, நாற்காலி முதல் ஒலிபெருக்கி வரை தாமே பார்த்துப் பார்த்துச் செய்த நூலகர் தம்பி அவர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம். சென்ற மாதம் கண்தான முகாமுக்கு மண்டபத்தை இலவசமாகத் தந்த வணிகர் சங்கத்தாருக்கும் இந்த மேடையிலேயே நன்றி சொல்லிவிடுகிறேன்.

தீராத நோய் வந்தவர் கடைசி நாட்களை எங்கே கழிக்கிறார்? இதைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். ஒன்று, வீடா மருத்துவமனையா என்பது. இரண்டு, வலி. மூன்று, உச்ச நீதிமன்றம் நமக்குத் தந்திருக்கும் ஓர் உரிமை.

'தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்' என்பார்கள். எனக்குத் தெரிந்தது என் பெரியப்பாவால். அவருக்கு எழுபத்தெட்டு வயது. புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது. நகரத்தில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். பத்தொன்பது நாள். அதில் கடைசி நான்கு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு. மாலையில் பத்து நிமிடம், ஒருவர் மட்டும் போய்ப் பார்க்கலாம். நான் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "டேய், இப்ப பகலா, ராத்திரியா?" அந்த அறையில் சன்னல் இல்லை. விடியற்காலை நட்சத்திரம் பார்த்து ஏர் பூட்டிய மனிதர் அவர். "என்னை வீட்டுக்குக் கொண்டு போயிடு. அந்த வேப்பமரத்துக் காத்து பட்டாப் போதும்" என்றார்.

கையெழுத்துப் போட்டுக் கூட்டிவந்தோம். பெரியம்மா திண்ணையைச் சாணம் போட்டு மெழுகி, கயிற்றுக் கட்டிலைப் போட்டு வைத்திருந்தார். வண்டியிலிருந்து இறக்கியதும், "மோட்டார் ஓடுதா?" என்று பெரியப்பா கேட்டார். ஓடியது. நீராகாரம் கேட்டு, நாலு மடக்குக் குடித்தார். மருத்துவமனையில் ஒரு கரண்டிக் கஞ்சியையும் தள்ளிவிட்டவர்!

ஊரே வந்தது. மறுநாள் சாயங்காலம் பக்கத்துக் காட்டுக்காரரும் வந்தார். வரப்புத் தகராறில் இரண்டு பேருக்கும் பதினோரு வருடமாகப் பேச்சில்லை. வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டில் காலடியில் உட்கார்ந்தார். கால் மணி நேரம் இருவரும் பேசவே இல்லை. பிறகு பெரியப்பா, "வரப்பை நீயே வச்சுக்கப்பா" என்றார். அவர், "எனக்கெதுக்குண்ணே வரப்பு? நீ எந்திரிச்சு வா, ரெண்டு பேருமா வெட்டிப் போடுவோம்" என்று அழுதுவிட்டார். தீவிர சிகிச்சைப் பிரிவின் பத்து நிமிடத்தில் இது நடந்திருக்குமா, சொல்லுங்கள்!

மூன்றாம் நாள் இரவு வலி வந்தது. துண்டைக் கடித்துக்கொண்டு துடித்தார். வீட்டுக்குக் கொண்டுவந்தது தப்போ என்று பெரியம்மா என்னைப் பார்த்த பார்வை இன்றும் கண்ணில் நிற்கிறது. பக்கத்து ஊர்களில் நான்கு மருந்துக்கடைகளைத் தட்டினேன். கிடைக்கவில்லை. விடிந்ததும் எழுபது கிலோமீட்டர் பேருந்தில் போய், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சீட்டுகளைக் காட்டி, 'மார்பின்' (morphine) மாத்திரை, அதாவது அபினிலிருந்து எடுக்கும் வலி மருந்து, வாங்கிவந்தேன். கொடுத்து ஒரு மணி நேரத்தில் முகம் தளர்ந்தது. தூங்கினார். அதன்பின் ஆறு நாள் இருந்தார். பேரப்பிள்ளைகளோடு பேசிக்கொண்டே இருந்தார்.

அந்த ஓர் இரவும் ஒரு பகலும் அவர் பட்ட வலிக்கு யார் பொறுப்பு? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்! மத்தியப் பிரதேசத்திலும் இராஜஸ்தானிலும் அரசு உரிமத்தோடு, அபின் தரும் கசகசாச் செடி பயிராகிறது. நீமச்சிலும் காஜிப்பூரிலும் அபினைப் பக்குவப்படுத்த அரசு ஆலைகள் இருக்கின்றன. விளைவிக்கும் நாட்டிலேயே மாத்திரைக்குத் திண்டாட்டம். 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குப் பயந்து பல மருத்துவமனைகள் இதை வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டன. 2014இல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையங்கள் வாங்கி வைக்க வழி செய்துவிட்டார்கள். பழக்கமாகிவிடும் என்று பயப்படுகிறோம். மருத்துவர் அளவறிந்து, வலிக்கு ஏற்ப, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கும் மருந்து அது. மலச்சிக்கல் வரும், அதற்கும் கூடவே மருந்து உண்டு. சாகப்போகிறவருக்குப் பழக்கமாகிவிடும் என்று வலியோடு விட்டுவைப்பது என்ன நியாயம்?

கேரளத்தைப் பாருங்கள். 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் சிறிதாகத் தொடங்கிய வலி தணிப்புப் பணியை, அக்கம்பக்கத்தார் தாமே தொண்டர்களாக வந்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். 2008இல் அரசே அதற்கென்று கொள்கை வகுத்தது. நம் மாநிலத்திலும் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுக்கையில் இருப்பவரின் வீட்டுக்கே செவிலியர் வருகிறார். புண்ணைக் கட்டி, குழாயை மாற்றி, ஆறுதலும் சொல்கிற அந்தச் சகோதரிகளைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அவர்கள் பையில் வலிக்கான மாத்திரையும் இருக்க வேண்டாமா?

தலைவர் ஐயா மணி அடித்துவிட்டார். மூன்றாவது செய்தியை ஒரு வாக்கியத்தில் சொல்கிறேன். வீண் சிகிச்சை வேண்டாம் என்று நினைவோடு இருக்கும்போதே எழுதிவைக்கும் உரிமையை 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஏற்றது, 2023இல் அதன் நடைமுறையையும் எளிதாக்கியது. விரிவாகப் பேச இன்னொரு மாதம் நூலகர் தம்பி இடம் தருவார்.

தலைமை மருத்துவர் அவர்களே, நம் அரசு மருத்துவமனை அந்த அங்கீகாரத்தைப் பெற்று, மார்பின் மாத்திரை வருடம் முழுவதும் இருப்பில் இருக்க வேண்டும். மாவட்ட ஆட்சியருக்கான மனு வாசல் மேசையில் இருக்கிறது. நோயில் கிடக்கும் ஒருவரை வீட்டில் வைத்திருப்பவர்கள் முதலில் கையெழுத்திடுங்கள், மற்றவர்கள் அவர்களுக்கு வழிவிடுங்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். பேனா நான்கு வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குக் காலை ஏழு மணிப் பேருந்தில் போகிறேன், கூட வருபவர்கள் பெயர் சொல்லிவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.