‘கர்த்தருடைய சித்தம்’ என்று யார், யாரிடம் சொல்வது?

(கொடைக்கானலில் லெந்து என்னும் தவக்காலக் கூட்டம் ஒன்றில் பேசியது)

சபையாருக்கு ஸ்தோத்திரம். லெந்து நாட்களில் இங்கே குருமார்தான் பேசுவது வழக்கம், இந்த வருஷம் நம் சபைக் குருவான ஐயர் என்னைப் பிடித்து நிறுத்திவிட்டார். நான் வேதசாஸ்திரம் படித்தவள் இல்லை. 30 வருஷத்துக்கு மேல் கீழேயும் மேலேயுமாக ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக இருந்தவள். வார்டில் பார்த்ததைத்தான் சொல்லத் தெரியும். மைக் கொஞ்சம் இரைகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பூம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்தார்கள். பூண்டுக் காட்டில் கூலி வேலை. மார்பில் கட்டி, அதைக் கவனித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஏன்க்கா இத்தனை நாள் வரவில்லை என்று கேட்டேன். “ஜெபக்குழுவில சொன்னேன் சிஸ்டர், அவர் சித்தமில்லாம குருவிகூட கீழே விழாது, பொறுமையா இருன்னாங்க” என்றார்கள். சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. வாராவாரம் அந்த மேட்டில் ஏறிப் போய்க் கையைப் பிடித்து ஜெபித்தவர்கள். அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அவர்களில் ஒருவர் அந்த அக்காவைப் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம்.

அந்தக் குருவி வசனம் மத்தேயு 10இல் இருக்கிறது. “உங்கள் பிதாவின் சித்தமில்லாமல், அவைகளில் ஒன்றாகிலும் தரையிலே விழாது.” நானும் சின்ன வயதில் மனப்பாடம் செய்ததுதான். எங்கள் வீட்டு மருமகன் குருத்துவக் கல்லூரியில் கிரேக்கம் படித்தவன், ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: “அத்தை, மூலத்தில் சித்தம் என்கிற வார்த்தையே இல்லை. ‘உங்கள் பிதா இல்லாமல்’ என்று மட்டும்தான் இருக்கிறது.” எனக்குச் சோறு இறங்கவில்லை. குருவி விழுகிற இடத்தில் பிதா இருக்கிறார் என்பது வேறு, பிதா தள்ளிவிட்டார் என்பது வேறு அல்லவா! லூக்கா இதே பேச்சை எழுதும்போது, அவைகளில் ஒன்றும் தேவனால் மறக்கப்படுவதில்லை என்கிறார். நம் பழைய மொழிபெயர்ப்பில் ஒரு வார்த்தை சேர்ந்துகொண்டது, அதை வைத்து நாம் எத்தனை சாவு வீட்டில் பேசியிருக்கிறோம்.

சரி, சித்தம் என்கிற வார்த்தை நோயாளிக்கு முன்னால் நேராக வருகிற இடம் ஒன்று இருக்கிறது. மாற்கு முதல் அதிகாரம், குஷ்டரோகி. “உமக்குச் சித்தமானால் என்னைச் சுத்தமாக்க உம்மால் ஆகும்.” அவனுக்கு இயேசுவின் வல்லமையில் சந்தேகம் இல்லை, மனசு இருக்கிறதா என்பதுதான் சந்தேகம். யாரும் தொடாத அந்த உடம்பை இயேசு முதலில் தொடுகிறார், அப்புறம்தான் “எனக்குச் சித்தமுண்டு, சுத்தமாகு” என்கிறார். நான்கு சுவிசேஷத்தையும் புரட்டிப் பாருங்கள், சுகம் கேட்டு வந்த ஒருவரிடமாவது ‘இது பிதாவின் சித்தம், வீட்டுக்குப் போய்ச் சகித்துக்கொள்’ என்று அவர் சொல்லியிருக்கிறாரா? பூமியில் நடப்பதெல்லாம் ஏற்கனவே அவர் சித்தம்தான் என்றால், உம்முடைய சித்தம் பூமியிலேயும் செய்யப்படுவதாக என்று தினமும் எதற்குக் கேட்கிறோம்?

நாம் உட்கார்ந்திருக்கிற இந்த ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1845இல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் இங்கே முதல் பங்களாக்களைக் கட்டியது ஏரியைப் பார்க்கவா? அன்று ஏரியே கிடையாது, அது 1863இல் வந்தது. கீழே காய்ச்சலும் காலராவும் அவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் வாரிக்கொண்டு போயின, அதற்குத் தப்பித்தான் மலையேறினார்கள். ஜெபத்தில் குறைந்தவர்களா அவர்கள்? காய்ச்சலைச் சித்தம் என்று ஏற்றுக்கொண்டிருந்தால் கொடைக்கானல் இல்லை. (அவர்களை டோலியில் சுமந்து மேலே ஏற்றியவர்கள் திரும்ப அதே காய்ச்சலுக்குள்தான் இறங்கிப் போனார்கள். அதைப் பற்றி இன்னொரு நாள் ஒரு முழுக் கூட்டமே பேசலாம்.)

இங்கேயே இன்னொன்றும் நடந்தது. 2001இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலை, பாதரசம். எங்கள் உடம்பு கெட்டுப்போனது என்று அங்கே வேலை செய்தவர்கள் வருஷக்கணக்கில் போராடினார்கள், 2016இல்தான் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கு உடன்பாடு வந்தது. அப்போதும் ‘விதி, சித்தம்’ என்று பேசியவர்கள் இருந்தார்கள். மனுஷன் கணக்குச் சொல்ல வேண்டிய இடத்தில் கர்த்தரை இழுத்துவிட்டால் யாருக்கு வசதி என்று யோசித்துப் பாருங்கள். வேதத்தில், எருசலேமின் சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே பதிலும் சொன்னார். கோபுரம் கட்டிய கொத்தனாரைப் பற்றித்தான் ஒருவரும் கேட்கவில்லை.

யோவான் 9இல் பிறவிக் குருடனைப் பற்றி, ‘தேவனுடைய கிரியைகள் இவனிடத்தில் வெளிப்படும்பொருட்டு’ என்று இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அது எனக்கும் கஷ்டமான வசனம்தான். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். அடுத்த வசனமே, பகற்காலம் இருக்கும்போது என்னை அனுப்பினவருடைய கிரியைகளைச் செய்யவேண்டும் என்பது. சொல்லிவிட்டுத் தரையில் துப்பிச் சேறு பிசைகிறார். சீஷர்கள் யார் செய்த பாவம் என்று கேட்டுக்கொண்டு நின்றார்கள், அவர் கையில் மண் ஆனது.

எதிர்ப்பக்கத்துக்காரர்களையும் விடப்போவதில்லை. ‘சுகம்தான் சித்தம், சுகமாகவில்லையென்றால் உனக்கு விசுவாசம் போதாது’ என்பவர்கள். ஒரு கூட்டத்துக்குப் போய்வந்து காசநோய் மாத்திரையை இரண்டாம் மாதமே நிறுத்தியவரை நான் பார்த்திருக்கிறேன். ஆறு மாதம் சாப்பிட வேண்டிய மாத்திரை அது, பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு மசியாமல் போய்விடும். அப்போஸ்தலன் பவுலே தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்து ஊரில் வியாதிக்காரனாக விட்டுவிட்டு வந்திருக்கிறார். அவருக்கே ‘மாம்சத்தில் முள்’ என்று அவர் சொல்லும் ஒரு வேதனை, மூன்று தரம் வேண்டியும் நீங்கவில்லை. பவுலுக்கு விசுவாசம் போதாது என்று எந்த மேடையிலாவது சொல்வார்களா?

எல்லாவற்றையும் இழந்து நோயில் கிடந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் கூட உட்கார்ந்திருந்தார்கள், அதுவரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. வாயைத் திறந்ததும் கெட்டது. கர்த்தருக்கு வக்கீலாக அத்தனை அதிகாரம் பேசியவர்களிடம் கடைசியில் கர்த்தர், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்றார். சத்தம் போட்டுச் சண்டைக்கு நின்ற யோபுவைத்தான் சரி என்றார். ‘கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்’ என்பதும் பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபு சொன்னது. துக்கம் விசாரிக்க வந்தவர்களின் வசனம் அல்ல அது. கெத்செமனே தோட்டத்தில் ‘உம்முடைய சித்தத்தின்படியே’ என்று சொன்னதும் சிலுவைக்குப் போகிறவர்தான், தூங்கிக்கொண்டிருந்த சீஷர்கள் அவரிடம் சொல்லவில்லை.

அந்தப் பூம்பாறை அக்காவுக்கு மதுரையில் ஆபரேஷன் ஆனது, ஆனாலும் பரவிவிட்டது. கடைசி மாதங்களில் என் வார்டில்தான் இருந்தார்கள். ஒரு நைட் டியூட்டியில் கேட்டார்கள்: “இது அவர் சித்தம்னு நான் சொல்லிக்கிட்டா நிம்மதியா இருக்கு சிஸ்டர். அதையே பாக்க வர்றவங்க சொன்னா அடிக்கலாம் போல வருது. ஏன்?” எனக்குச் சட்டென்று ஒன்றும் வரவில்லை. டிரிப்ஸ் முடிந்திருந்தது, பாட்டிலை மாற்றினேன். குளிருகிறது என்றார்கள், இன்னொரு கம்பளியைப் போர்த்திவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

கேள்வி இருந்தால் கேளுங்கள். பண்ணைக்காடு பஸ்ஸுக்குப் போகிறவர்கள் கிளம்பலாம், நான் தப்பாக நினைக்க மாட்டேன்.