வாசல் வைத்துக் கட்டிய கூடு

நேயர்களுக்கு வணக்கம்.

பட்டின் வழவழப்பு எப்படி வருகிறது தெரியுமா? மல்பெரி இலை தின்று வளர்ந்த புழு ஒரே இழையைத் தன்னைச் சுற்றிச் சுற்றிக் கூடாக்குகிறது. பூச்சியாகி வெளியே வந்தால் இழை அறுந்துபோகும். அதனால் உயிர் உள்ளே இருக்கும்போதே கூட்டை ஆவியிலோ கொதிநீரிலோ இடுகிறார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள்.

இதைக் கேட்டுச் சங்கடப்பட்டவர்களுக்காகவே 'எரி' என்ற வேறொரு வகைப் பட்டைப் பற்றிப் பேச வந்தேன். அசாமிலும் மேகாலயாவிலும் கிராமத்துப் பெண்கள் வீட்டிலேயே வளர்க்கும் புழு தரும் பட்டு இது. அந்தப் புழுவுக்குத் தீனி ஆமணக்கு இலை. ஆமாம், நம் வேலியோரம் முளைக்கிற அதே ஆமணக்குதான்.

பல வருடங்களுக்கு முன் அசாமில் ஒரு பாட்டி வெறும் கூடு ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். பஞ்சுபோல் இருந்தது, ஒரு முனையில் துளை. "பூச்சி கடித்த ஓட்டையா?" என்று கேட்டேன். கூட வந்தவர் மொழிபெயர்த்ததும் பாட்டிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கடிக்கவில்லை அப்பா, வாசல் வைத்துத்தான் கட்டியது" என்றார். கவனியுங்கள், வாசல் வைத்தே கட்டுகிறது! பூச்சி அதன் வழியே வெளியேறிவிடும், மிஞ்சுவது வெறும் கூடு. ஆனால் அதில் ஒரே நீள இழை கிடைக்காது. வேகவைத்து, பிரித்து, பஞ்சை நூற்பதுபோல் நூற்கவேண்டும். பள்ளிக்கூடத்தில் தக்ளி சுற்றியவர்களுக்கு அந்தப் பொறுமை தெரியும். பாட்டியும் தக்ளியில்தான் நூற்றுக்கொண்டிருந்தார், பேசிக்கொண்டே, நூலைப் பார்க்காமலே.

ஒன்றை மறைக்கக் கூடாது. அங்கே பல வீடுகளில் எரிப்புழு நல்ல உணவு. பூச்சியாகும் முன்பே வாசல் வழியாக எடுத்துச் சமைத்துவிடுவார்கள். அது அவர்கள் சாப்பாடு, குறைசொல்ல நான் யார்? ஆனால் 'எரி' என்ற பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். பூச்சி பறந்த பிறகு எடுத்த கூடா என்று கேளுங்கள். விற்பவருக்குத் தெரியாவிட்டாலும் கேளுங்கள். நாலு பேர் கேட்டால்தான் ஐந்தாமவருக்குப் பதில் வைத்திருப்பார்.

மல்பெரியிலும் வழி உண்டு. ஆந்திரத்தில் கைத்தறித் துறையில் இருந்த குசுமா ராஜய்யா, பூச்சியை வெளியேறவிட்டு நூலெடுத்து, அதை 'அஹிம்சா பட்டு' என்று காப்புரிமையும் பெற்றார். அவரைப் பற்றியே தனியாகப் பேசலாம். நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். விலை பற்றி ஒரு வார்த்தை: கையால் நூற்க நாள்கணக்கில் ஆகிறது, அந்தக் கூலிதான் விலையில் இருக்கிறது. அப்புறம், எரிப்பட்டு புதிதில் பளபளக்காது, சற்று முரடாகவும் இருக்கும். துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகிவிடும். வணக்கம்.