போல்ட் ஆக்‌ஷன் ஸ்னைப்பர் ரைபிள்: கையால் இழுப்பதில்தான் விஷயமே இருக்கிறது

(காட்சி: கானாடுகாத்தானில் ஒரு பழைய நகரத்தார் வீடு, பர்மா தேக்குக் கதவு, இரும்புத் தாழ்ப்பாள் நெருக்கத்தில்)

இந்தத் தாழ்ப்பாளைப் பாருங்கள். பிடியைத் தூக்கி, தள்ளி, மடக்கினால் கதவு அசையாது. போல்ட் ஆக்‌ஷன் ரைபிளுக்கு, அதாவது போல்ட் என்ற உலோகத் தண்டைக் கையால் இயக்கித் தோட்டா ஏற்றும் துப்பாக்கிக்கு, உயிரே இந்த வேலைதான்.

(காட்சி: போல்ட் இயங்கும் அனிமேஷன்)

பிடியைத் தூக்கினால் பூட்டு விடும், பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே தெறிக்கும், முன்னால் தள்ளினால் மேகசினிலிருந்து அடுத்த தோட்டா ஏறும், மடக்கினால் மறுபடி பூட்டு. காரைக்குடிக் கல்லூரிகளில் என்.சி.சி.யில் .22 ரைபிள் பிடித்தவர்களுக்கு இது கைப்பழக்கம்.

சரி, தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி இருக்கும்போது இது எதற்கு? நம் ராணுவம் பல வருடம் வைத்திருந்த, தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் டிராகுனோவ் ஸ்னைப்பர் ரைபிளை எடுத்துக்கொள்ளுங்கள். குண்டு குழலைத் தாண்டும் முன்பே, வெடிமருந்து எரிந்து வரும் வாயுவில் கொஞ்சம் பிரிந்து பிஸ்டனைத் தள்ளத் தொடங்கிவிடும், அந்த உதறல் குழலுக்கும் போகும். போல்ட் ஆக்‌ஷனில் ட்ரிகரை அழுத்தினால் உள்ளே ஓடுவது கிட்டத்தட்ட அந்தச் சுடும் ஊசி மட்டும்தான்.

அப்புறம் பூட்டு எங்கே விழுகிறது என்பது. 1898-இல் வந்த மவுசர் ரைபிளில் போல்ட்டின் முன்முனையில் இரண்டு புடைப்புகள், தோட்டாவுக்குப் பக்கத்திலேயே பூட்டும், பின்னால் பாதுகாப்புக்கு மூன்றாவது ஒன்று. இன்றைய ஸ்னைப்பர் ரைபிள்களில் பெரும்பாலானவை முன்னால் பூட்டுகிறவைதான். நம் போலீஸ் கையில் பார்த்துப் பழகிய .303 லீ என்ஃபீல்டில் பூட்டு பின்னால் இருக்கும். போல்ட் வேகமாக ஓடும், ஆனால் வெடிக்கும்போது போல்ட் இம்மியளவு அமுங்கும். அதையே தேர்ந்தெடுத்து, ஸ்கோப் வைத்து இரண்டாம் உலகப் போரில் அருமையாகச் சுட்டிருக்கிறார்கள், அதனால் அதை மட்டமாக நினைக்க வேண்டாம்.

(காட்சி: குழலுக்கும், அதன் அடியில் உள்ள துப்பாக்கிக் கட்டைக்கும் நடுவே காகிதம் நுழைவது)

எனக்கு மிகவும் பிடித்தது இந்த இடைவெளி. குழல் பின்முனையில் மட்டும் பிடிபட்டு, மற்றபடி எதையும் தொடாமல் நிற்கிறது. சூட்டில் விரிந்தாலும் அதிர்ந்தாலும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அதிரும். மரக்கட்டை ஈரத்தில் உப்பிக் குழலை அழுத்தினால் குறி நகரும்; அதனால்தான் 1980-களில் பிரிட்டனின் எல்96 ஸ்னைப்பர் ரைபிள் அலுமினியச் சட்டகத்தோடு வந்தது. 100 மீட்டரில் சுமார் 3 செ.மீ. வட்டத்துக்குள் குண்டுகள் விழுந்தால் அதை நல்ல ரைபிள் என்பார்கள்.

2022-இல் நம் ராணுவத்துக்கு வந்த ஃபின்லாந்தின் சாகோ டிஆர்ஜி 42-இல் மூன்று புடைப்புகள், அதனால் பிடியை 60 டிகிரி தூக்கினால் போதும். கை ஸ்கோப்பில் இடிக்காது, கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுக்காமலே அடுத்த தோட்டாவை ஏற்றிவிடலாம்.